பானையில் என்ன, நயினாரே?

நயினாரே, இன்று காலை என் தறிக்குழிக்குள் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

மருமகளுக்குச் சளி. ரசம் வைப்பதற்காக வாலாஜாபாத் சந்தையிலிருந்து வயல் நண்டு வாங்கி வந்து, அடுக்களையில் ஒரு குண்டானில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அதில் ஒன்று மட்டும் மூடியைத் தள்ளிவிட்டு, கூடத்தைக் கடந்து, இத்தனை பெரிய வீட்டில் வேறு இடமே கிடைக்காத மாதிரி என் தறிக்குழியில் வந்து இறங்கியிருக்கிறது. நான் விஷயம் தெரியாமல் காலைத் தொங்கவிட்டு மிதியில் வைத்தேன். கட்டைவிரலைப் பிடித்தது பாருங்கள், வலி உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நான் கத்தவில்லை. தெருவில் விசாரித்தால் கத்தினேன் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்.

சாதாரண நண்டு இல்லை அது. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். கூடையைக் கவிழ்த்து மூடினேன். கூடைப் பின்னல் வழியாக அது ஒரு கண்ணை நீட்டி என்னைப் பார்த்தது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. 'பார்த்தாச்சா, நான் போகட்டுமா' என்கிற மாதிரி ஒரு பார்வை. என்னை அப்படிப் பார்த்தவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அது நீங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. அதனால்தான் இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் மற்றவன் பத்தாவது படிக்கிற சிரத்தையோடு அந்த ஐந்தாவதைப் படித்தேன். ஆகையால் பிழை இருந்தால் அது பேனாவுடையது.

திருப்புட்குழி போகிற பாதையில் இருக்கும் நம் ஏரி பல்லவ ராஜா வெட்டியது என்பது ஊருக்கே தெரியும். வெட்டி முடித்த அன்று அவர் தோளில் கிடந்த பட்டு எங்கள் வீட்டுத் தறியில் இறங்கியது என்பது எனக்கு மட்டும் தெரியும். "அதுக்கு எதனா எழுத்து இருக்குதா முதலியாரே?" என்று ஒருநாள் கேட்டீர்கள். பட்டு எல்லாம் மக்கிப் போச்சு, எழுத்துக்கு எங்கே போவது என்றேன். அப்போதும் இந்த நண்டு பார்த்த பார்வைதான் பார்த்தீர்கள்.

ஏரி இருக்கிற உங்கள் ஊரில் எனக்கு நிலம் வந்தது கல்யாணத்தோடு. நடு மதகுக்கு நேர் கீழே, ஏரியின் மடியில் படுத்த மாதிரி ஒரு வயல். நான் பிள்ளையார்பாளையத்தில் தறியில் இருந்தாலும் பயிர் பார்த்தது என் மனைவியின் தம்பி கன்னியப்பன். பயிர் பார்த்தது அவன் என்றாலும் பயிர் விளைந்தது என் யோசனையில். உங்கள் நிலமோ நேர் எதிர்ப்பக்கம், ஏரிக்கு உள்வாயில். தண்ணீர் நிறைய ஏறினால் அது மூழ்கும். தண்ணீர் குறைவாக நின்றால் அது பிழைக்கும். ஏரி நிறைந்தால் எனக்குச் சிரிப்பு, உங்களுக்கு நஷ்டம். இதை யாரும் மறக்காமல் மனதில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்க நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் என்றால், அறுபதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். கரை கிழடு தட்டிவிட்டது. நடு மதகின் கல் நகர்ந்து, கரையின் வெளிச்சரிவு எப்போதும் வியர்த்துக்கொண்டே இருந்தது. குச்சியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஓவர்சியர் ஒருத்தர் ஜீப்பில் வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு கரை மேல் நடந்தார். கலங்கலைப் பார்த்தார். கலங்கல் என்பது ஏரி நிறைந்தால் வழிந்தோடுகிற கருங்கல் சுவர். அதன் தலையில் பல் வரிசை மாதிரிக் கல் நட்டிருக்கும். மழைக்கு முன்னால் பல்லுக்குப் பல் நடுவே புல்லோடு வெட்டிய மண்கட்டியை வைத்து அடைப்பது ஊர் வழக்கம். அடைத்தால் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த ஒரு முழம்தான் தை மாதம் வரைக்கும் என் வயலுக்குக் கஞ்சி. அதே முழம்தான் உங்கள் வயலுக்குச் சமாதி.

இந்த வருஷம் அடைக்காதீர்கள், கரை தாங்காது, மராமத்துக்கு மேலே எழுதியிருக்கிறேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஓவர்சியர். சொல்லிவிட்டு நேரே உங்கள் வீட்டுக்குப் போய் மோர் குடித்தார்.

அந்த மோர் எனக்குப் பிடிக்கவில்லை, நயினாரே. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஊரில் இத்தனை வீடு இருக்க, ஏரி குறைந்தால் லாபம் அடைகிற ஒரே வீட்டில் அவருக்கு ஏன் தாகம் எடுக்க வேண்டும்?

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. சர்க்கார் வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தால் மழை உட்கார்ந்திருக்காது, கரையை நாமே கெட்டிப்படுத்துவோம், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரட்டும், கலங்கலையும் வழக்கம்போல அடைப்போம் என்று முடிவாயிற்று. இதை முதலில் சொன்னது நான். வேறு யாரோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னது எனக்கு முன்னால் இருக்கலாம், ஆனால் நான் நினைத்தது அவருக்கு முன்னால். மேற்பார்வைக்கு என்னையே ஏகமனதாகப் போட்டார்கள். கன்னியப்பன் மட்டும் கை தூக்கவில்லை. அவன் கையில் குழந்தை இருந்தது.

நீங்கள் எழுந்து மாடும் வண்டியும் தருகிறேன், வேண்டிய களிமண் அடித்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் கரை முழுக்க இருக்கிற நண்டு வளைகளைக் களிமண்ணால் அடைக்கிற பேச்சு வந்தது. நீங்கள் மெல்ல, "அந்த வேலைக்கு மட்டும் என்னக் கூப்புடாதீங்கபா. உள்ள இருக்கறத வெச்சி மூட என் கை வராது" என்றீர்கள்.

"மண்ண வெட்டறப்ப புழு சாவலையா நயினாரே?" என்று கன்னியப்பன் ஒரு இடி இடித்தான்.

"சாவுது. அதுக்கு இன்னும் வழி தெரியல எனக்கு. இதுக்குத் தெரியுது."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வண்டி தருகிறவர், மாடு தருகிறவர், தன் நிலம் மூழ்குவதற்கு மண்ணும் சுமந்து தருகிறவர், ஓட்டையை அடைக்க மட்டும் மாட்டேன் என்கிறாரே, இது என்ன கணக்கு என்று அங்கேயே ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். பாவில் ஒரு இழை தளர்ந்தால் மற்றவனுக்குத் தெரியாது, எனக்கு விரல் சொல்லும்.

வேலை ஆரம்பித்து வளைகளை வரிசையாக அடைத்துக்கொண்டு போனோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அடைத்த வளைகளில் சிலது திறந்து கிடந்தது. சும்மா திறந்து கிடக்கவில்லை. கை நுழைகிற வளை, ஆள் குனிந்து உள்ளே போகிற அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. எல்லாம் நடு மதகுக்குப் பக்கத்தில். அதாவது என் வயலுக்கு நேர் மேலே. அதற்கு மறுநாளும் அப்படியே.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். விடிந்தும் விடியாத வேளை. நீங்கள் கரையிலிருந்து இறங்கி உள்வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். இடுப்பில் ஒரு பானை. வாயில் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வேட்டி முழங்காலுக்கு மேல். முழங்கை வரைக்கும் சேறு.

"பானையில இன்னா நயினாரே?"

"சொன்னா சிரிப்பீங்க முதலியாரே" என்று நடந்துகொண்டே சொன்னீர்கள்.

சிரிப்பு வருகிற பொருளை எவனாவது துணி போட்டுக் கட்டுவானா? கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வைக்கிற வெடிமருந்தாக இருக்கலாம் என்று நான் கன்னியப்பனிடம் மட்டும், காதோடு, சொன்னேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்த 'கலாம்' எங்கோ விழுந்துவிட்டது. ஏனாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கூட, உங்கள் ஊர் ஏரிக்கு நயினார் மருந்து வைக்கிறாராமே என்று கேட்டுவிட்டு, பெண்ணைப் பார்க்காமல் திரும்பினார்களாம்.

மறுநாள் விடியும் முன்பே நானும் கன்னியப்பனும் கோரைப் புதருக்குள் உட்கார்ந்தோம். நான் கையில் வைத்திருந்தது அரிவாள் என்று பின்னால் ஊரில் பேச்சு வந்தது. அதை நான் மறுக்கவில்லை. கிழக்கு வெளுத்ததும் வந்தீர்கள். கையில் விளக்கு இல்லை. வெளிச்சம் வைத்தால் பூச்சி வந்து விழுந்து சாகும், அது சமணருக்கு ஆகாது என்று நீங்கள் இருட்டு வேலைக்கே போகமாட்டீர்கள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை, யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். நாங்கள் அடைத்த வளை ஒன்றை வெட்டினீர்கள். வெட்டிக்கொண்டே போனீர்கள். பிறகு கவிழ்ந்து படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டீர்கள். முகம் ஒரு பக்கம் கோணிற்று. கையை எடுத்தபோது சுண்டுவிரலில் ஒரு நண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் உதறவில்லை. அது தானாக விடும் வரைக்கும் காத்திருந்து பானைக்குள் இறக்கினீர்கள்.

நான் புதரிலிருந்து பாய்ந்தேன். புலி என்று கன்னியப்பன் பின்னால் சொன்னான். வழுக்கினது என்றும் சொன்னான், அதை விடுங்கள்.

"ஏன் நயினாரே எங்க அடைப்பப் பிரிக்கறீங்க?"

"வாசல மட்டும் அடைச்சீங்க. உள்ள வீடு அப்படியே கெடக்குது. உள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டினா இன்னா பண்ணுவான்? அந்தாண்ட தோண்டிக்கினு வெளிய வருவான். அந்தாண்ட யாரு வயலு?"

என் வயல். இதையேதான் நானும் சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். வெட்டின வளைக்குள் கடைசி வரைக்கும் களிமண்ணைத் திணித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிக் காட்டினீர்கள். ஆள் வருவதற்குள் இடித்து முடியாத வளைகளைத்தான் நாங்கள் தினம் திறந்து கிடக்கப் பார்த்து அலறியிருக்கிறோம்.

"இத பகல்ல சொல்லிட்டுச் செய்யறதுதானே?"

"அன்னிக்கே சிரிச்சீங்களே எல்லாரும்" என்றீர்கள்.

அதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தீர்களா? அப்போதுதான் அது கெட்டிப்பட்டது. பிடிக்கிற நண்டை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டேன். "உள்வாயில, என் வயல்ல" என்றீர்கள். நாற்று நட்ட வயலில் நண்டு என்ன செய்யும் என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும். அடித்தண்டைக் கத்தரித்துப் போட்டுக்கொண்டே போகும். தன் பயிரில் தானே நண்டு விடுகிற மனுஷன் உலகத்தில் உண்டா? உண்டு என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய திட்டம் இல்லாமல் இருக்குமா?

அன்றிலிருந்து எல்லா வளையையும் கடைசி வரைக்கும் வெட்டி இடிக்க வேண்டும் என்று நான் உத்தரவு போட்டேன். அப்படித்தான் அந்தக் கரை பிழைத்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். வெட்டுகிற பையன்கள் கொழுத்த நண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் பார்த்தீர்கள். மறுநாள் ஒரு மூட்டை வேர்க்கடலையைக் கரை மேல் கொண்டுவந்து வைத்து, உயிரோடு நண்டு கொடுத்தால் ஒரு கை கடலை என்றீர்கள். அவ்வளவுதான். நம் ஊர் நண்டு தீர்ந்தும் நண்டு வருவது நிற்கவில்லை. பக்கத்து ஊர் நண்டு வந்தது. கன்னியப்பன் வாலாஜாபாத் போய்ப் பாலாற்றில் இறங்கி ஒரு கூடை பிடித்து வந்தான். நீங்கள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இது நம்ம ஊரு ஆளு மாதிரித் தெரியலையே கன்னியப்பா. பஸ்ஸுல வந்தாரா?"

அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் கடலை கொடுத்தீர்கள். ஏமாற்றுகிறான் என்று தெரிந்தே கொடுத்தீர்கள். இதுவும் என் முடிச்சில் சேர்ந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாத மழை. கரை மேல் ஊரே நின்றது. ஏரி கடல் மாதிரி அலையடித்துக் கலங்கலை எட்டிற்று. நடு மதகுப் பக்கம் வியர்த்தது, ஆனால் தெளிந்த தண்ணீராக வியர்த்தது. மண்ணைக் கரைத்துக்கொண்டு வரவில்லை. என் வயல் நின்றது. நான் ஆளுக்கு ஆள் வேலை ஏவிக்கொண்டு, குரல் கம்மி, திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கலங்கலில் அடைத்த மண்கட்டியில் நாலு பிடுங்கினால் போதும், ஒரு முழம் இறங்கிவிடும், உங்கள் வயல் பிழைத்துவிடும். வண்டியும் கடலையும் இதற்குத்தான் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினேன். அந்த ஓட்டம் ஓடினவன் இந்த ஜில்லாவில் இல்லை.

நீங்கள் கலங்கல் ஓரத்தில், தலையில் கோணியைக் கொங்காணி போட்டுக்கொண்டு, தனியாகக் குந்தியிருந்தீர்கள். ஒரு கட்டி நகர்ந்திருக்கவில்லை. ஒரு இடத்தில் தண்ணீர் அரித்திருந்தது. அங்கே புதிதாகப் புல்கட்டி வைத்து அடைத்திருந்தது. உங்கள் நகத்தில் அந்த மண் இருந்தது. எதிரே, உள்வாயில், உங்கள் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

நான் மண்வெட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். எதற்காக ஓடி வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

"எம் பயிரு போச்சு முதலியாரே" என்றீர்கள். "உங்களுது நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப சரி."

எனக்குப் பேச்சு வராத நேரம் அது ஒன்றுதான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். மடியில் அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு இருந்தது. காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பட்டது. எடுத்து நீட்டினேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். பொழுது சாய்ந்தால் உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. வானமோ காலையிலிருந்து ஒரே கறுப்பு. பொழுது இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல முடியாது.

"இன்னும் இருக்குது நயினாரே. சூரியன் அதோ அந்தப் பனைக்கு மேல நல்லாத் தெரியுது. சாப்புடுங்க" என்றேன். அந்தப் பக்கம் பனையே இல்லை.

நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். அந்தப் பார்வைதான்.

"உங்க பேச்ச நம்பி நான் வாய்ல வெக்க மாட்டேன் முதலியாரே" என்றீர்கள். சொல்லிவிட்டு, அந்த மழையில், கோணிக்குள் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தீர்கள்.

நயினாரே, இத்தனை வருஷமாக நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. மறு வருஷம் உங்கள் வயலில் வண்டல் படிந்து தங்கமாக விளைந்தபோது, பிடித்துவிட்டேன் திருடனை என்று துள்ளினேன். அந்த நெல்லில் ஒரு வண்டி கரை வேலைக்கு வந்தவர்களுக்குப் போனது. அதுவும் எதற்கு என்று புரியவில்லை. ஒரு மனுஷன் தனக்கு ஆகாத தண்ணீரைத் தன் கையாலேயே அடைத்து நிறுத்தினான் என்றால் அதற்கு ஏதாவது காரணம் இருந்தாக வேண்டும். நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். நானும் விடுவதாக இல்லை.

இவ்வளவும் காலையில் எழுதியது. இப்போது விளக்கு வைத்தாயிற்று. நடுவில் ஒரு வேலையாகப் போய்வந்தேன்.

நண்டு எங்கே என்று மருமகள் கேட்டாள். சாக்கடையில் இறங்கிவிட்டது, நான் துரத்திப் பார்த்தேன், என்னையே அடிக்க வந்தது என்று சொன்னேன். பழைய பானை ஒன்றை எடுத்து, வாயில் துணி போட்டுக் கட்டி, பஸ் ஏறினேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பானைக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்டு இடம் மாறிப் போனார்.

ஏரி நிறைந்து நிற்கிறது. மதகுக்குப் புதுக் கல் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் ஒருவழியாக வந்துவிட்டது. உங்கள் உள்வாய் வயலில் நாற்று நட்டுப் பச்சை பிடித்திருக்கிறது. வரப்பில் குந்தி, துணியை அவிழ்த்து, பானையைச் சாய்த்தேன். அது போவதாக இல்லை. என் காலருகே கொஞ்ச நேரம் நின்று ஒரு கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் குறுக்காக நடந்து பயிருக்குள் போயிற்று.

நிமிர்ந்தால் எதிர் வரப்பில் உங்கள் பெரிய பையன் நிற்கிறான். உங்கள் உயரம், உங்கள் நடை. ஆனால் பார்வை மட்டும் உங்களுடையது இல்லை. சந்தேகத்தில் இடுக்கிய கண். யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"எங்க வயல்ல இன்னா பண்றீங்க முதலியார் மாமா? பானையில இன்னா?"

"சொன்னா நீ சிரிப்பேபா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நான் பஸ் ஏறும் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.